கேமராவைப் பார்க்கும் பறவை

"கொக்கு எங்கப்பா?" என்று கேட்டார் பெரியவர்.

படத்தின் நடுவில்தான் இருந்தது. பச்சைத் தண்ணீர், பின்னால் கோரை, முன்னால் ஒற்றைக் காலில் ஒரு சின்ன வெள்ளைக் கொக்கு. "இதோ சார்" என்று விரல் வைத்துக் காட்டினேன்.

"அது கொக்கு வடிவத்தில ஒரு ஓட்டை. பேப்பரைக் கத்தரிச்ச மாதிரி இருக்கு. இறகு எங்கே?"

எனக்குக் கோபம் வந்தது. அப்போது ஸ்டுடியோ தொழிலில் எனக்கு 20 வருஷம் ஓடியிருந்தது. 1998இல் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ரயிலேறி செகந்திராபாத்தில் இறங்கியவன். ஒரு மலையாளியின் ஸ்டுடியோவில் இருட்டறை கழுவி, பிறகு ஹப்சிகுடா எட்டாம் நம்பர் தெருவிலிருந்து பிரியும் சந்தில் சொந்தமாகக் கடை போட்டேன். நிஜாமின் படையிலிருந்த ஆப்பிரிக்க வீரர்களான ஹப்ஷிகளால் ஏற்பட்ட பெயர் என்று ஊரைப் பற்றிச் சொல்வார்கள். இப்போது உப்பல் சாலை நெடுக மத்திய அரசின் ஆராய்ச்சிக்கூடங்கள். அதனால் தமிழ்க் குடும்பங்களுக்கும் குறைவில்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணம், சீமந்தம், காதுகுத்து எல்லாம் நம் ஆல்பம்தான். பெரியவரும் அப்படி வந்தவரே. பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று ஆராயும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், ஏதோ விண்ணப்பத்தில் ஒட்ட பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தார். மேஜைமேல் கிடந்த கொக்குப் படத்தைக் கையிலெடுத்துவிட்டார்.

"வேட்டி மடிப்பு தெரியாம ஒரு மாப்பிள்ளை படத்தை ஆல்பத்தில வைப்பியா?" என்றார் அடுத்தபடியாக.

வைக்கமாட்டேன். பட்டு வேட்டியின் மடிப்பையும் ஜரிகையின் பளபளப்பையும் ஒருசேரப் பிடிப்பதுதான் நம் தொழிலின் முதல் பாடம். அதைப் பிளாஷ் வைத்து மண்டபத்துக்குள் செய்யத் தெரிந்த எனக்கு ஏரிக்கரையில் செய்யத் தோன்றவில்லை. கேமரா முழுக் காட்சியையும் சராசரிச் சாம்பலாக்கப் பார்க்கும். இருண்ட தண்ணீர் நிறைய இருந்தால், வெளிச்சம் போதவில்லை என்று எண்ணி ஏற்றிவிடும். அந்த ஏற்றத்தில் கொக்கின் வெள்ளை வெந்துபோகும். ஒரு ஸ்டாப், வெயில் சுள்ளென்று இருந்தால் அதற்கும் மேல் குறைத்து வைக்க வேண்டும். வானத்தை முதுகுக்கு வைத்துக் கம்பத்தில் உட்காரும் கரிச்சானுக்கு நேர் எதிராக ஏற்ற வேண்டும். இதெல்லாம் பெரியவர் சொன்னதில்லை. அவருக்குக் கேமராவில் எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாது. இறகைக் காணோம் என்று மட்டும் தெரியும்.

முப்பது வருஷத்துக்கு மேல் பறவை பார்க்கிறவர். காலிகோ பைண்டிங் போட்ட நோட்டுகளில் தேதி, நேரம், இடம், எண்ணிக்கை. அவ்வளவுதான் அவர் சொத்து. சாலிம் அலி 1931–32இல் ஹைதராபாத் சமஸ்தானம் முழுக்கப் பறவைக் கணக்கெடுத்தார் என்பதை அவர் வாயால்தான் முதலில் கேட்டேன். "அவர் நடந்த ஊர்லதான் நீயும் கல்யாணத்துக்குக் கல்யாணம் ஆட்டோவில போறே" என்பார்.

பறவைப் படத்தில் நான் இறங்கியதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. 2017 நவம்பரில் நாகோல்–அமீர்பேட்டை மெட்ரோ திறந்தது. அதற்கு முந்தைய வருஷங்கள் தூண் கட்டும் தூசியில் கடைக்கு ஆள் வரத்தே குறைந்திருந்தது. விடிகாலையில் சும்மா இருக்கப் பிடிக்காமல், கல்யாணத்துக்கு வைத்திருந்த 70–200 லென்ஸோடு உப்பல் நல்ல செருவுப் பக்கம் போக ஆரம்பித்தேன். தெலுங்கில் 'நல்ல' என்றால் கறுப்பு. ஊருக்கு வந்த புதிதில் அதை நல்ல ஏரி என்றே நினைத்திருந்தேன். தண்ணீரைப் பார்த்த பிறகு தெலுங்குதான் சரி என்று தோன்றியது. ஆனால் பறவைகளுக்கு அந்தக் கறுப்பில் ஏதோ கிடைக்கிறது. நாமக்கோழி, தாழைக்கோழி, பவளக்காலி, குளிர்காலத்தில் வாலாட்டிகள்.

படங்களைக் குடும்ப வாட்ஸாப்பில் போட்டால் 'சூப்பர் மாமா', 'செம', கைதட்டும் பொம்மை. அதிலேயே ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு படமும் தேறியிருக்காது. பாராட்டுகிறவர்கள்மேல் தப்பில்லை. சிவகாசியில் இருக்கும் என் தங்கைக்கு, அண்ணன் பறவை பிடிக்கிறான் என்பதே போதும்.

பெரியவரோடு ஏற்பாடு ஒன்று தானாக அமைந்தது. வாரம் பத்துப் படம், 4×6 அளவில் அச்சுப் போட்டு உறையில் வைப்பேன். வெள்ளிக்கிழமை மாலை பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயிலுக்குப் போகிற வழியில் வாங்கிப் போவார். திங்களன்று திரும்பி வரும். ஒவ்வொரு படத்தோடும் ஒரு சீட்டு. இப்போதைய கலர் பேப்பரின் முதுகு வழவழவென்றிருக்கும், பென்சில் பிடிக்காது. பால்பாயிண்டில் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். அதனால் பழைய காலண்டர் தாளைக் கிழித்து, அதில் எழுதி, ஜெம் கிளிப் போட்டுத் தருவார். போனில் அனுப்பினால் பார்க்கமாட்டார்.

ஒரு நிபந்தனையும் உண்டு. 'எப்படி இருக்கு சார்?' என்று கேட்கக்கூடாது. கேட்டால் பதில் வராது. எதை எடுக்க நினைத்தேன் என்று நான்தான் முதலில் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். முதல் வாரம் பத்தில் ஏழு படத்துக்கு எனக்கு எழுத ஒன்றுமே தோன்றவில்லை. 'மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது' என்று எழுதி, வெட்கப்பட்டு அடித்தேன். அந்த ஏழையும் உறையிலிருந்து எடுத்துவிட்டேன். அவர் பார்க்கும் முன்பே பாதி விமரிசனம் முடிந்துவிட்டது என்பது அப்போது உறைக்கவில்லை.

சீட்டுகளைச் செருப்புப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். பெரும்பாலும் நாலைந்து சொல்தான். 'கண் கறுப்பு. வெளிச்சப் புள்ளி இல்லை.' 'வால் நுனி எங்கே?' 'கொக்கு வெளியே பார்க்கிறது, அந்தப் பக்கம் இடம் விடு.' 'ஆடியது நீயா அதுவா?' இந்தக் கடைசிக் கேள்வி என்னை நிரம்பப் படுத்தியது. கல்யாண மண்டபத்தில் 1/200 விநாடி வைத்தே இருபது வருஷம் ஓட்டியவன் நான். மணப்பெண் மீன்கொத்தி மாதிரி தலையை வெட்டமாட்டாள். உட்கார்ந்திருக்கும் பறவைக்கே 1/1000, பறப்பதற்கு 1/2000 என்று வைத்த பிறகுதான் தெரிந்தது, ஆடியது நானும் அதுவும் இரண்டுமே என்று.

அதிகம் வந்த சீட்டு: 'நின்றுகொண்டு எடுத்திருக்கிறாய்.' எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று புரியவில்லை. பிறகு நானே நூறு படத்தைப் பரப்பிப் பார்த்தேன். எல்லாப் பறவையின் முதுகும் தெரிகிறது, அடியில் சேறு தெரிகிறது. குழந்தையை மேலிருந்து எடுத்தால் தலை பெரிதாகவும் கால் சூம்பியும் வருமே, அதேபோல. மறுநாள் பழைய தார்ப்பாயை விரித்துக் கரையில் குப்புறப் படுத்தேன். லென்ஸுக்கு அடியில் இரண்டு கிலோ அரிசிப் பை. முழங்கையில் சேறு, சட்டைக்குள் எறும்பு. ஒரு பவளக்காலி தண்ணீரில் நடந்து என்னை நோக்கி வந்தது. அதன் கண்ணும் என் கண்ணும் ஒரே மட்டத்தில். பின்னாலிருந்த கோரையெல்லாம் வெகுதூரத்துக்குப் போய்ப் பச்சைத் துணியாக மாறிவிட்டது. 600 எம்.எம். லென்ஸ் இல்லாததுதான் என் குறை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். இடுப்பு வளையாததுதான் குறை. (பெரிய லென்ஸும் பின்னால் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வாங்கவே வேண்டாம் என்று உபதேசிக்கிற ரகமல்ல நான். அது வேறு செலவுக் கணக்கு.)

எங்கள் வீட்டிலும் ஒரு நடுவர் உண்டு. அச்சுப் போட்ட தாளைக் கத்தரிக்கும்போது மனைவி சொல்வாள்: "ஏங்க, இதுக்குத் தலையில கொம்பு முளைச்சிருக்கே!" பார்த்தால், பின்னாலிருக்கும் குச்சி கரிச்சானின் தலையிலிருந்து கிளம்பியதுபோல நிற்கும். புடவை மடிப்பு ஒரு நூல் விலகினாலும் கண்டுபிடிக்கிறவள். பறவையை விட்டு மற்ற எல்லாவற்றையும் அவள் பார்த்தாள். நான் பறவையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொம்பு விஷயத்தில்தான் திருட்டுத்தனம் செய்தேன். மாப்பிள்ளையின் மரு, மாமியாரின் கண்ணுக்குக் கீழ்க் கருவளையம், பின்னால் கொட்டாவி விடும் சித்தப்பா, இவர்களையெல்லாம் நீக்குவதுதான் என் அன்றாடப் பிழைப்பு. ஒரு பஞ்சுருட்டான், கருவேலங் குச்சியில், வாயில் தட்டாம்பூச்சியோடு. குறுக்கே இரண்டு முள் கிளை. அரைமணி நேரம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அழித்தேன். பின்னணி மெழுகியதுபோல வந்தது. பெருமையாக உறையில் வைத்தேன்.

திங்களன்று வந்த சீட்டில், 'இடது கால் எதைப் பிடித்திருக்கிறது?'

பெரிதாக்கிப் பார்த்தேன். வலது கால் குச்சியில். இடது காலின் மூன்று விரலும் காற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. அது பிடித்திருந்த கிளையைத்தான் நான் அழித்திருந்தேன்.

பிறகு தெரிந்துகொண்டேன், ஃபியாப், பி.எஸ்.ஏ. போன்ற உலக அமைப்புகளின் இயற்கைப் பட விதியே இதுதான். ஓரத்தை வெட்டலாம், இருப்பதை நீக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. அதே விதியில் மனிதர் செய்த பொருள் படத்தில் இருக்கக்கூடாது என்றும் உண்டு. பறவையின் வாழ்வோடு அது சேர்ந்திருந்தால் விதிவிலக்கு. இதில் எனக்கும் நகரத்தில் ஒரு புகைப்படச் சங்கத்து நடுவருக்கும் மனத்தாங்கல். மின்கம்பியில் உட்கார்ந்த பனங்காடை ஒன்றைக் காட்டினேன். தெலுங்கில் பாலபிட்ட. தசராவன்று அதைப் பார்த்தால் நல்லது நடக்கும் என்று இங்கே நம்பிக்கை. தெலங்கானாவின் மாநிலப் பறவையும் அதுதான். அந்த நாளில் காட்டுவதற்காகவே சிலர் அதைப் பிடித்துக் கூண்டில் அடைத்துக் கொண்டுவந்து காசு பார்ப்பதும் உண்டு. உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம். கிளம்பும்போது சிறகு விரிந்தால் நீலம் வெடிக்கும். நான் பிடித்தது அந்தக் கிளம்பும் கணம். நடுவர் கம்பியைப் பார்த்துவிட்டுத் தாளைத் தள்ளிவைத்தார். பெரியவரோ, "அது கம்பியிலதானே உட்கார்றது? ஆலமரத்துக்கு எங்கே போகும்?" என்றார். இருவரும் சொன்னது அவரவர் கணக்கில் சரி. போட்டிக்குப் போவதென்றால் நடுவர் பேச்சு, இந்த ஊரில் பனங்காடை எப்படி வாழ்கிறது என்று காட்டுவதென்றால் பெரியவர் பேச்சு. எதற்காக எடுக்கிறேன் என்று நான் தீர்மானிக்காதவரை இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் குழப்பத்தான் செய்வார்கள். அந்தப் படத்தை மறுபடி சங்கத்துக்குக் கொண்டுபோகவில்லை.

2019 ஏப்ரலில் நடந்ததை இன்னும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நல்ல செருவில் தண்ணீர் வற்றி, சரளைக்கல் திட்டு ஒன்று வெளியே தெரிந்திருந்தது. அங்கே ஓர் ஆட்காட்டி. சிவப்பு மூக்கு, மஞ்சள் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்புச் சதை. என்னைக் கண்டதும் ஓடவில்லை, பறக்கவில்லை. நேரே எதிரில் வந்து, வாலை விரித்து, இரண்டு சிறகையும் பாதி திறந்து தரையில் இழுத்தபடி நின்றது. வாய் திறந்து கத்தியது. கண் நேராக லென்ஸுக்குள். பரதநாட்டியக்காரியைப் போல் நின்ற பறவையை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அதுவரை கற்ற எல்லாம் கூடி வந்தன. படுத்துக்கொண்டேன், வெள்ளை வேகவில்லை, கண்ணில் வெளிச்சப் புள்ளி, பின்னணி சுத்தம். விலகினால் மறுபடி எதிரில் வந்து நின்றது. 142 படம் எடுத்தேன்.

ஒன்றை 12×18 போட்டுச் சட்டமிட்டுக் கடை வாசலில் மாட்டினேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள்கூட உள்ளே வந்து பார்த்தார்கள். வாட்ஸாப்பில் ஒரே ரகளை. பெரியவர் வரும் திங்களுக்காகக் காத்திருந்தேன்.

வந்தார். சீட்டில்லை. மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து படத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"முதல் படம் எத்தனை மணிக்கு, கடைசிப் படம் எத்தனை மணிக்கு?"

கேமராவில் நேரம் பதிந்திருக்குமே. பார்த்துச் சொன்னேன். 10.40. கடைசி 11.12.

"எதுக்கு இப்படி நிக்குதுன்னு நினைச்சே?"

"ஏதோ இன்னொரு பறவையோட சண்டை போலிருக்கு சார்."

"அது யாரைப் பார்க்குது?"

நான் படத்தைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது.

ஆட்காட்டி மரத்தில் கூடு கட்டாது. தரையில் லேசான குழி, சுற்றிலும் சில கூழாங்கல், அதில் நாலு முட்டை. கல்லோடு கல்லாகப் புள்ளி போட்டவை, மிதித்தால்கூடத் தெரியாது. யாராவது நெருங்கினால் அடிபட்டதுபோலச் சிறகை இழுத்துக் காட்டி, 'என்னைப் பிடி, அங்கே போகாதே' என்று திசை திருப்பும். அந்தக் கோடை வெயிலில் தாயும் தந்தையும் முட்டைக்கு மாறிமாறி நிழல் பிடிக்கும். ஏரிக்கு ஓடி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தால் முட்டையைக் குளிர வைக்கும். வெயிலில் கொஞ்சநேரம் திறந்து கிடந்தாலும் உள்ளிருப்பது பிழைப்பது சந்தேகம். இதைப் பெரியவர் கிளாஸ் எடுப்பதுபோல், குரல் உயர்த்தாமல் சொன்னார். கடைசியில், "32 நிமிஷம்" என்றார்.

ஆள் வந்ததைக் காட்டிக் கொடுப்பதால்தானே அதற்கு ஆள்காட்டி என்றே பெயர். பேரிலேயே இருந்ததை நான் படிக்கவில்லை. தொழில் புத்தி வேறு. 'இங்க பாருங்க, லேசா சிரிங்க' என்று 20 வருஷம் சொன்னவனுக்கு, எதிரில் இருப்பவர் லென்ஸைப் பார்த்துவிட்டால் படம் தேறிவிட்டது என்று அர்த்தம். பறவை லென்ஸைப் பார்த்தால், அது தன் வேலையை விட்டுவிட்டது என்று அர்த்தம்.

மறுநாள் வாரங்கல் சாலை ஓரத்தில் நின்று பெரியவரின் பைனாகுலரில் திட்டைப் பார்த்தேன். இரண்டு பறவையும் இருந்தன. இரண்டும் நின்றுகொண்டிருந்தன. ஒன்றும் உட்காரவில்லை. "வா, போகலாம்" என்றார் பெரியவர்.

வாசலில் மாட்டியதைக் கழற்றினேன். தூக்கிப் போட வேண்டாம், உள்பக்கம் உனக்குத் தெரிகிற சுவரில் மாட்டு என்றார். அது இன்னும் பிரிண்டர் மேல்தான் தொங்குகிறது. வாடிக்கையாளர் யாராவது எட்டிப் பார்த்து 'பிரமாதம்' என்பார்கள். சிலருக்குக் கதை சொல்வேன். முகூர்த்த நாளென்றால் நேரமிருக்காது, 'தாங்க்ஸ்' என்று விட்டுவிடுவேன்.

அந்த வாரம்தான் மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்' புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அ. மாதவையாவின் மகன். 1950இல் தொடங்கி 1996இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கைப் பத்தி எழுதியவர். உதிரிப் பாகங்களைச் சேர்த்துத் தானே கேமரா அமைத்துக்கொண்டு கறுப்பு வெள்ளையில் யானையும் பறவையும் எடுத்தவர். தமிழில் இப்படி ஒருவர் இருந்தார் என்பதை ஹப்சிகுடாவில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். எழுத்தைப் படித்த பிறகு ஒன்று பட்டது. படம் எடுப்பதற்கு முன் அவர் அந்த உயிரை வெகுநேரம் பார்த்திருக்கிறார். நான் வியூஃபைண்டர் வழியாக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஏரிக்குப் போனால் முதல் அரைமணி கேமரா பைக்குள்ளேயே இருக்கும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. கல்யாணம் எல்லாம் ரத்து, முன்பணம் திருப்பிக் கொடுத்தே கை காய்ந்தது. மொட்டை மாடியும் எதிர்வீட்டு அரசமரமும்தான் மிச்சம். அதில் செம்மார்புக் குக்குறுவான் ஒன்று காலை முழுக்கத் தட்டான் பட்டறை நடத்தும். டொக், டொக், டொக். மூன்று வாரம் அதையே எடுத்தேன். எப்போது கத்தும், கத்தும்போது தொண்டை எப்படி உப்பும், எந்தப் பொந்துக்கு எத்தனை மணிக்குத் திரும்பும் என்று மனப்பாடம். பொந்துப் பக்கம் லென்ஸைத் திருப்பவில்லை. கடை திறந்ததும் 63 படத்தை உறையில் போட்டேன். பெரியவர் 60ஐத் திருப்பிவிட்டார். "ஒரே படத்தை அறுபது தடவை எடுத்திருக்கே. மீதி மூணு நல்லா இருக்கு." நல்லா இருக்கு என்ற சொல் அவரிடமிருந்து முதலில் வந்தது அப்போதுதான். எந்த மூன்று என்பதை மனைவி கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவள் முன்பே எடுத்து வைத்திருந்ததில் இரண்டு அதே படம்.

2022 ஏப்ரலில் கட்கேசர் தாண்டி எதுலாபாத் ஏரிக்கு ஸ்கூட்டரில் போயிருந்தேன். தண்ணீர் ஓரத்தில் ஓர் ஆட்காட்டி அமுங்கி அமுங்கி எழுந்தது. குளிக்கிறதா என்று பார்த்தேன். குளிக்கவில்லை. வயிற்றை மட்டும் நனைத்தது. நனைத்துக்கொண்டு விறுவிறுவென்று மேட்டுக்கு நடந்தது. எங்கே போகிறதென்று எனக்குத் தெரியும், அதனால் பின்னால் போகவில்லை. எண்பது அடி தள்ளி, வேலிக்கருவைப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே நாலு படம் எடுத்தேன். பறவை தாளில் கட்டைவிரல் நகம் அளவுதான் வந்தது. வயிற்று இறகு ஈரத்தில் திரி திரியாகத் தொங்குகிறது, ஒரு சொட்டு கீழே விழுந்துகொண்டிருக்கிறது. தலை மேட்டைப் பார்த்திருக்கிறது. என்னைப் பார்க்கவே இல்லை. என் வரியாக, 'தண்ணீர் கொண்டுபோகிறது' என்று எழுதி உறையில் வைத்தேன்.

திங்களன்று உறை சீட்டில்லாமல் வந்தது. எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. பெரியவர் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு தூரம்?"

"எண்பது அடி சார். நான் கிளம்பறப்போ முட்டை மேல உட்கார்ந்துதான் இருந்துது."

தலையாட்டினார். "என் நோட்டுல ஒட்டணும். இன்னொண்ணு போடு" என்று பத்து ரூபாய்த் தாளைக் கண்ணாடிமேல் வைத்தார். இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் அச்சுக்குக் காசு கேட்டதில்லை, அவரும் கொடுத்ததில்லை. வாங்கிக்கொண்டேன்.

படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கியவர், திரும்பி நின்றார்.

"ஏரி இடது பக்கம் சாஞ்சிருக்குப்பா. தண்ணி கொட்டிடப் போகுது."